ஆக்‌ஷன் ஃபிகரின் ரப்பர் கச்சையில் பெயின்ட் ஏன் காய்வதில்லை?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. ஆறு அங்குல ஆக்‌ஷன் ஃபிகர் ஒன்றை நம் பக்கத்து நடுகல் வீரனாக மாற்றிக்கொண்டிருக்கிறார். தலை, கொண்டை, உடம்பு எல்லாம் முடிந்துவிட்டது. சிக்கல் இடுப்புக் கச்சை, கத்தி உறை, அம்பறாத்தூணி, தோள் வார் ஆகிய ரப்பர் சாமான்களில். கச்சைக்கு ஹார்டுவேர் கடையில் வாங்கிய பிரவுன் ஸ்ப்ரே அடித்தார். மூன்று வாரம் ஆகியும் தொட்டால் விரல் ஒட்டுகிறது. தோள் வாருக்குப் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் அக்ரிலிக் கலரைப் பூசினார். அது காய்ந்தது, ஆனால் வளைத்துப் பொம்மைக்கு மாட்டியதும் செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது. எந்த பிராண்டு பெயின்ட் வாங்குவது, கெட்டுப்போனதைக் காப்பாற்ற முடியுமா, முடித்த பிறகு அக்கா மகன் விளையாடக் கேட்டால் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

பிராண்டைப் பிறகு பார்ப்போம் தம்பி. கச்சையும் தோள் வாரும் ஒரே காரணத்தால் கெடவில்லை. கச்சையில் நடந்திருப்பது வேதியியல் கோளாறு. தோள் வாரில் நடந்தது வளைவதால் வந்த கோளாறு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஓசூரில் பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட்டில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்க்கிறவன் நான். பொம்மை என் ஓய்வு நேரத்து வேலை. அதனால் எனக்கு முதலில் கண்ணில் படுவது பெயின்ட் அல்ல, அதற்குக் கீழே இருக்கிற சரக்குதான். அது என்னவென்று தெரியாமல் எவ்வளவு விலை கொடுத்து பெயின்ட் வாங்கினாலும் காசு தண்டம்.

இந்த வகைச் சாமான்களில் பெரும்பாலானவை மென்மையாக்கிய பி.வி.சி. வீட்டுத் தண்ணீர்க் குழாய் எந்தப் பிளாஸ்டிக்கோ இதுவும் அதேதான். குழாய் விறைப்பாக நிற்கிறது, கச்சை வளைகிறது என்றால், அதற்குக் காரணம் பிளாஸ்டிசைசர் என்கிற எண்ணெய் போன்ற திரவம். சில பாகங்களின் எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இந்தத் திரவமாகவே இருக்கும். முக்கியமான விஷயம், இது பி.வி.சி.யோடு வேதியியல் முறையில் பிணைந்துகொள்வதில்லை. மூலக்கூறுகளுக்கு நடுவே சும்மா புகுந்து உட்கார்ந்திருக்கிறது. தோதான இடம் பக்கத்தில் கிடைத்தால் மெல்ல மெல்ல அங்கே குடிபெயர்ந்துவிடும்.

இதை நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே பார்த்திருப்பீர்கள். ஜியோமெட்ரி பாக்ஸில் வெள்ளை ரப்பரையும் பிளாஸ்டிக் ஸ்கேலையும் ஒட்டினாற்போல் வைத்துவிட்டுக் கோடை விடுமுறை கழித்துத் திறந்தால், ரப்பர் ஸ்கேலில் பதிந்து, பிய்த்து எடுத்த இடம் குழைந்து பள்ளமாகக் கிடக்கும். அந்த வெள்ளை ரப்பரும் மென்மையாக்கிய பி.வி.சி.தான். அதிலிருந்த பிளாஸ்டிசைசர் ஸ்கேலுக்குள் இறங்கி அதை இளக்கிவிட்டது. உங்கள் கச்சையிலும் இதேதான் நடக்கிறது, ஸ்கேலுக்குப் பதில் பெயின்ட் படலம்.

ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே பெரும்பாலும் அல்கைட் எனாமலாகவோ கரைப்பான் சார்ந்த லாக்கராகவோ இருக்கும். அதிலுள்ள டொலுவீன், சைலீன், அசிட்டோன் வகைக் கரைப்பான்கள் முதலில் பி.வி.சி.யின் மேல்தோலை ஊதவைக்கின்றன. உள்ளே இருக்கும் பிளாஸ்டிசைசர் மேலே வர வழி கிடைக்கிறது. அப்புறம் கரைப்பான் ஆவியாகிப் போனாலும் பிளாஸ்டிசைசர் படலத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அது சுலபத்தில் ஆவியாகாத சரக்கு. ஆகவே மூன்று வாரம் அல்ல, மூன்று மாதம் மொட்டை மாடியில் வைத்தாலும் கச்சை பிசுபிசுத்துக்கொண்டுதான் இருக்கும். வெயிலில் வைத்தால் இன்னும் மோசம்; சூடு ஏற ஏறக் குடிபெயர்வது வேகமாகும். 'நன்றாகக் காயட்டும்' என்று சித்திரை வெயிலில் வைப்பதுதான் பலரும் முதலில் செய்வது. அதைச் செய்யாதீர்கள்.

பழைய பொம்மைகளில் தாலேட் வகைப் பிளாஸ்டிசைசர்கள் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் கொண்டுவந்த விதி, அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு, குழந்தைகள் பொம்மைகளில் சில தாலேட்களின் அளவு 0.1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அதனால் உற்பத்தியாளர்கள் வேறு பிளாஸ்டிசைசர்களுக்கு மாறினார்கள். இந்தியாவிலும் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தரச்சான்று கட்டாயம். உடம்புக்கு இது நல்ல செய்தி. பெயின்ட் பூசுகிறவனுக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. புதிய சரக்கும் குடிபெயரத்தான் செய்கிறது.

சரி, கையில் இருப்பது பி.வி.சி.தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஜப்பானிய ஃபிகர் என்றால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பி.வி.சி., ஏ.பி.எஸ்., பி.ஓ.எம். என்று அவர்களே பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். கெட்டியான உடற்பாகங்கள் ஏ.பி.எஸ்., மூட்டு முளைகள் பி.ஓ.எம்., வளைகிற சாமான்கள் பி.வி.சி. என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டி இல்லையென்றால் ஒரு டம்ளர் தண்ணீர் போதும். பி.வி.சி. தண்ணீரைவிடக் கனமானது, மூழ்கும். பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், டி.பி.இ. (ரப்பர் போல வளையும் இன்னொரு பிளாஸ்டிக்) வகைகளில் பல, மிதக்கும். காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் ஏமாற்றிவிடும்; விரலால் தடவிவிட்டுப் பாருங்கள். சிலிக்கோனும் மூழ்கும். அதைப் பிடிக்க செல்லோடேப் ஒரு துண்டு ஒட்டிப் பாருங்கள். சிலிக்கோனில் டேப் பிடிக்கவே பிடிக்காது.

சந்தேகம் தீரவில்லை என்றால் செம்புக் கம்பிச் சோதனை இருக்கிறது. கரண்ட் ஒயரின் மேலுறையை முழுக்க உரித்துவிட்டு (அந்த உறையே பி.வி.சி. என்பதால் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் சோதனை பொய்த்துவிடும்) கம்பியைக் கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சுங்கள். சுடரில் பச்சை நிறம் இல்லாமல் போகும்வரை காய்ச்ச வேண்டும். அதே சூட்டோடு சாமானின் வெளியே தெரியாத ஓரத்தில் லேசாகத் தொட்டு எடுத்து, மறுபடி சுடரில் காட்டுங்கள். பளீரென்று பச்சை எரிந்தால் குளோரின் இருக்கிறது, அதாவது பி.வி.சி. கம்பியை இடுக்கியால் பிடியுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகையை மூக்கில் இழுக்காதீர்கள். ஒரு பொட்டு அளவுக்கு மேல் எரிக்க வேண்டிய தேவையே இல்லை.

இனி கெட்டுப்போன கச்சைக்கு வருவோம். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் மூன்றையும் அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். அசிட்டோன் பி.வி.சி.யை ஊதவைத்துக் குழைத்துவிடும். தவறி ஏ.பி.எஸ். உடம்பில் பட்டால் வீரன் முதுகே கரைந்துவிடும். மருந்துக் கடையிலோ மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடையிலோ ஐசோபுரொபைல் ஆல்கஹால் கிடைக்கும். பஞ்சில் தோய்த்துத் துடைத்துத் துடைத்து எடுங்கள். ஊறப்போட வேண்டாம், நேரம் ஆக ஆக ஆல்கஹால் பிளாஸ்டிசைசரையும் உருவிக்கொண்டு போய்விடும், கச்சை விறைத்துச் சுருங்கிவிடும். ஆல்கஹாலுக்கு மசியவில்லை என்றால் நீங்கள் அடித்தது எனாமல். ஒரு சொட்டு டர்பென்டைனைப் பஞ்சில் எடுத்துச் சட்டென்று துடைத்து, உடனே பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவிவிடுங்கள். முழுக்கப் போகாது. வார்ப்பின் கோடுகளுக்குள் கொஞ்சம் தங்கும். அது பிரவுன் என்பதால் உங்களுக்கு நஷ்டமில்லை, தோல் மடிப்பின் அழுக்காகத் தெரியும்.

துடைக்கப் பொறுமை இல்லாதவர்கள் டால்கம் பவுடர் தூவி, மேலே தண்ணீர் சார்ந்த மேட் (பளபளக்காத) வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு கொடுத்துப் பிசுபிசுப்பை அடக்குவார்கள். அலமாரியில் கை படாமல் நிற்கும் பொம்மைக்கு இது ஓடும். கழற்றி மாட்டும் சாமானுக்கு ஓடாது. கச்சை ஊதி வடிவம் மாறியிருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு வேறு கச்சை தேடுங்கள் என்றுதான் சொல்வேன்.

புதிதாகத் தொடங்கும் சாமானுக்கு முதல் வேலை கழுவுவது. அச்சிலிருந்து பாகம் ஒட்டாமல் வரத் தடவிய எண்ணெய், சிலிக்கோன் பூச்சு, பாகத்திலிருந்தே கசிந்த பிளாஸ்டிசைசர், இவற்றோடு உங்கள் கைப்பிசுக்கு எல்லாம் மேலே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய டூத் பிரஷ் போதும். கோணலாக இருக்கும் வாரை நேராக்க வேண்டுமென்றால் அதையும் இப்போதே முடித்துவிடுங்கள். கொதித்து இறக்கிய தண்ணீரில் சில விநாடி முக்கி, வேண்டிய வடிவத்தில் பிடித்து, குளிர்ந்த தண்ணீரில் விட்டால் நிற்கும். பூசிய பிறகு செய்தால் பூச்சு சேர்ந்து கிழியும்.

இங்கே நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஃபுளோரைடு தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த ஊர்கள் இவை. பெயின்டுக்கு ஃபுளோரைடு ஒன்றும் செய்யாது. தண்ணீரின் உப்பும் கடினத்தன்மையும்தான் வேலையைக் கெடுக்கும். கழுவிக் காயவைத்த கறுப்பு வாரில் வெள்ளைப் பொறை படிந்தால் அதன்மேல் பூசும் கலர் பொறையோடு சேர்ந்து உதிரும். கடைசி அலசலுக்கும் கலரை நீர்க்கச் செய்வதற்கும் ஆர்.ஓ. தண்ணீர் அல்லது குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு ஒருமுறை ஆல்கஹால் பஞ்சால் லேசாகத் துடைத்துவிட்டால், அதற்கப்புறம் வெறும் விரலால் தொடக்கூடாது.

இப்போது பெயின்ட். விதி ஒன்றுதான்: தண்ணீர் சார்ந்த அக்ரிலிக், அதுவும் வளையக்கூடிய அக்ரிலிக். நீங்கள் தோள் வாருக்குப் பூசியது அக்ரிலிக்தான், அதனால்தான் காய்ந்தது. ஆனால் காகிதத்துக்கும் கேன்வாஸுக்கும் செய்த மலிவான கலர் தடிமனாக ஏறினால் வளைவைத் தாங்காது. துணிக்குச் செய்த அக்ரிலிக்கில் பிசின் இன்னும் மென்மையானது. சேலையில் பூ வரைந்து மடித்து வைத்தாலும் வெடிக்கக் கூடாது என்று செய்த சரக்கு அது. ஃபெவிக்ரில் ஃபேப்ரிக் கலர் ஊரெல்லாம் ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கிறது. ரப்பர் வாருக்கு நான் முதலில் கைநீட்டுவது அதற்குத்தான். வல்லேஜோ போன்ற ஸ்பெயின் நாட்டு மாடல் கலர்கள் நிறத்துகளில் அருமை, சின்ன எழுத்தும் நகையும் வரைய அதுபோல் வராது. ஆனால் அதை வாங்கினாலும் வளைகிற பாகத்துக்கு ஃபேப்ரிக் மீடியம் என்ற திரவத்தைக் கலந்துதான் பூச வேண்டியிருக்கும். வளையாத கத்திப் பிடி, உறையின் முனை, கச்சையின் பதக்கம் ஆகியவற்றுக்கு அப்படியே பூசலாம். பெங்களூரு ஹாபி கடைக்குப் போய்ப் பெரிய செட் வாங்கிவிடாதீர்கள். இந்த ஒரு வீரனுக்கு நாலு கலர் தாராளம்.

ஃபேப்ரிக் கலருக்கும் ஒரு குறை உண்டு. பிசின் மென்மையாக இருப்பதால், பூசிய இரண்டு முகங்கள் அழுத்தமாக ஒன்றோடொன்று பட்டால் ஒட்டிக்கொள்ளும். மடித்துக் கட்டும் கச்சையின் முனை அடியில் உள்ள கச்சையைப் பிடித்துக்கொண்டு, பிரிக்கும்போது கலரோடு வரும். துணியில் இதை இஸ்திரி போட்டு இறுக்குவார்கள். பி.வி.சி.யில் இஸ்திரி வைக்க முடியாது. அதற்குப் பதிலாக ஒரு வாரம் தொடாமல் காற்றில் விட்டு, அப்புறம் தண்ணீர் சார்ந்த மேட் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். பாலியூரித்தேன் கலந்த வகையானால் இன்னும் நல்லது. வார்னிஷுக்கு மட்டும் ஸ்ப்ரே டப்பாவைத் தேடாதீர்கள். அடியில் நல்ல அக்ரிலிக் இருந்தாலும் மேலே கரைப்பான் ஸ்ப்ரே அடித்தால் முதல் கதைதான் திரும்ப நடக்கும். கைவினைக் கடைகளில் விற்கும், காகிதப் படங்களை ஒட்டி மேலே பூசும் டிகூபாஜ் பசையும் வேண்டாம். ஐப்பசி மழைக்காற்றில் அது மறுபடி ஈரம் பிடித்துப் பிசுபிசுக்கும்.

பூசும் முறையில் சொல்ல வேண்டியது ஒன்றுதான், மெல்லியது, மறுபடியும் மெல்லியது. முதல் பூச்சு திட்டுத்திட்டாக, கேவலமாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பொறுக்காமல் அதன்மேலேயே கெட்டியாக ஏற்றுவதுதான் உதிர்வதற்கு முதல் காரணம். தடித்த படலம் வளையும்போது வெளிப்புறம் இழுபட்டு வெடிக்கிறது. மெல்லிய படலம் அடியிலுள்ள பொருளோடு சேர்ந்தே வளைகிறது. இரண்டு பூச்சுக்கு நடுவே நன்றாக உலரவிடுங்கள். வீடு கிரானைட் லாரி ஓடுகிற சாலையோரம் என்றால் உலரும் சாமானின்மேல் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, காற்றுப் போக ஓரத்தில் தீக்குச்சி வையுங்கள். வாரை மாட்டும் நிலைக்கு வளைத்து ஒரு குச்சியில் சுற்றிக் கட்டிவிட்டுப் பூசுவது இன்னும் நல்லது. நேராக வைத்துப் பூசி வளைத்தால் படலம் இழுபடும். வளைத்து வைத்தே பூசினால் இழுபட வேலையே இல்லை. இந்த ஒன்றைச் செய்திருந்தால் உங்கள் தோள் வார் பாதி பிழைத்திருக்கும்.

பூசக் கூடாத இடங்களும் உண்டு. கொக்கி துளைக்குள் போகும் முளை, கத்தி உரசும் உறையின் உள்வாய், கை பிடிக்கும் இடம், இவை என்ன பூசினாலும் உரிந்துதான் போகும். ஆகவே சாமானைத் தேர்ந்தெடுக்கும்போதே கடைசி நிறத்துக்குப் பக்கத்தில் வார்த்ததை எடுங்கள். கறுப்பு வாரில் பிரவுன் பூசினால், உரிந்த இடத்தில் கறுப்பு தெரிந்து பழைய தோல் போலவே இருக்கும். வெள்ளை வாரில் பூசினால் உரிந்த இடம் ஊருக்கே தெரியும்.

நடுகல் வீரன் என்பதால் நிறத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். கல்லில் நிறம் கிடையாது, அந்தச் சுதந்திரம் உங்களுடையது. ஆனால் வடிவத்தைக் கல் சொல்கிறது. தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் கற்களைப் போய் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்: ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், இடுப்பில் உறை, தூக்கிக் கட்டிய கொண்டை, உடம்பில் தைத்த அம்பு, காலடியிலோ பின்னாலோ மாடு. மேலே வட்டெழுத்தில் யார், எந்த அரசன் காலத்தில், எந்த ஆநிரை மீட்டுப் பட்டான் என்ற செய்தி. நீங்கள் அனுப்பிய விவரப்படி கச்சையில் சதுர பக்கிள் வார்த்திருக்கிறது. அது வெளிநாட்டுச் சிப்பாயின் பெல்ட். என்ன கலர் பூசினாலும் அது வீரனை இருபதாம் நூற்றாண்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். கூரான பிளேடால் அதைச் சீவிவிட்டு, வெட்டுத் தெரியும் இடத்தில் ஒரு முடிச்சோ தொங்கலோ வையுங்கள். எம்-சீல் மாதிரி கெட்டிப்படும் புட்டியை வளையும் பாகத்தில் வைக்காதீர்கள், அப்படியே கழன்று விழும். தைக்கும் நூலை முடிச்சுப் போட்டு ஒட்டினாலே போதும்.

தோல் நிறத்துக்கு இருண்ட பிரவுன் அடிப்பூச்சு போட்டு, கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷில் சந்தன நிறத்தை எடுத்து, துணியில் துடைத்துவிட்டு மேடான ஓரங்களில் மட்டும் உரசுங்கள். ரப்பர் சாமானுக்கு இந்த உலர் பிரஷ் முறைதான் கடவுள் கொடுத்த வரம். பெயின்ட் மிகக் குறைவாக ஏறுவதால் உதிர எதுவுமே இல்லை. மடிப்புக்குள் ஆழம் தெரிய, கறுப்புக் கலந்த பிரவுனைத் தண்ணீராகக் கரைத்து ஓடவிடுங்கள்.

பெயின்டே வேண்டாம், நிறம் உள்ளே இறங்க வேண்டும் என்றால் சாயம் இருக்கிறது. பாலியஸ்டர் துணிக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயம் மென்மையான பி.வி.சி.க்குள்ளும் சூட்டில் இறங்கும். ரிட் நிறுவனத்தின் டைமோர் என்ற செயற்கை நூல் சாயத்தை இந்தப் பொழுதுபோக்கில் உள்ளவர்கள் அதற்காகவே வாங்குகிறார்கள். வெளிர் நிறத்திலிருந்து இருண்ட நிறத்துக்கு மட்டுமே போக முடியும். கறுப்பு வாரை வெளிர் பிரவுனாக்க வழியில்லை. கொதிக்கும் தண்ணீரில் போட்டால் பாகம் தொய்ந்துவிடும் என்பதால், கொதிநிலைக்கு நன்றாகக் கீழே வைத்து, வீணான துண்டு ஒன்றை முதலில் போட்டுப் பாருங்கள். சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள், தனிப் பாத்திரம். சாயம் ஏறிய வார் வளைந்தாலும் உரசினாலும் உரியாது. ஆனால் அந்தச் சாயமே பிளாஸ்டிசைசரோடு சேர்ந்து பக்கத்திலுள்ள வெளிர் நிற உடம்பில் கறையாக இறங்கும். மேலே வார்னிஷ் கட்டாயம்.

இதையெல்லாம் படித்துவிட்டு 'இவ்வளவு பாடா?' என்று தோன்றினால் தோன்றட்டும், ஏனென்றால் எனக்குப் பிடித்த வழி இன்னொன்று இருக்கிறது. தோள் வாரையும் கச்சையையும் தோலிலேயே செய்துவிடுங்கள். கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர் முழுக்கத் தோல் தொழில்தான். பை தைப்பவரிடமோ செருப்புத் தைப்பவரிடமோ கேட்டால் மெல்லிய ஆட்டுத்தோல் வெட்டுத் துண்டு கைநிறைய கிடைக்கும். ஆறு அங்குல பொம்மைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் வேண்டும். தடித்துப் போனால் போர்வை சுற்றியது போல் இருக்கும். ரெக்சின் வாங்கிவிடாதீர்கள், அதன் மேல்பூச்சில் பெரும்பாலானவை பி.வி.சி.தான், விட்ட இடத்துக்கே வந்து நிற்பீர்கள். உறையும் அம்பறாத்தூணியும் வளைய வேண்டியதில்லை என்பதால் அவற்றை ரப்பரிலேயே வைத்துக்கொண்டு மேலே சொன்னபடி பூசலாம்.

பி.வி.சி. அல்லாதவை கையில் வந்தால் சுருக்கமாக: டி.பி.இ. பாகத்தில் எண்ணெயும் உண்டு, பிடிமானமும் குறைவு. பூசாமல் விடுவதே புத்திசாலித்தனம். சிலிக்கோனில் சிலிக்கோன் தவிர எதுவும் ஒட்டாது. நிறமற்ற சிலிக்கோன் சீலன்டில் ஆயில் கலரைக் கலந்து டர்பென்டைனில் இளக்கிப் பூசுவார்கள், வேலை பிடிக்கும், நாற்றமும் பிடிக்கும். சால்வை போன்றவற்றைத் திரவ ரப்பர் பாலில் தாங்களே வார்ப்பவர்கள் உண்டு. அதற்குச் சினிமா ஒப்பனையில் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் உருவாக்கியது அது: தோலில் ஒட்டும் அக்ரிலிக் பசையோடு அக்ரிலிக் கலரைக் கலந்து பூசினால் ரப்பரோடு சேர்ந்தே இழுபடும், வெடிக்காது. இன்னொரு தகவல், உறையைப் படியெடுக்க அச்சு செய்ய நினைத்தால், கந்தகம் சேர்ந்த இயற்கை ரப்பர் பாகத்தின்மேல் பிளாட்டினம் வகைச் சிலிக்கோன் இறுகவே இறுகாது. டின், அதாவது வெள்ளீய வகைச் சிலிக்கோனை வாங்குங்கள்.

முடித்த பிறகு எப்படி வைப்பது என்பதையும் பார்க்க வேண்டும். ரப்பர் கச்சை ஏ.பி.எஸ். இடுப்பில் மாதக்கணக்கில் அழுந்திக் கிடந்தால், ஸ்கேலில் விழுந்த பள்ளம் வீரன் இடுப்பிலும் விழும். உள்பக்கம் மெல்லிய பட்டர் பேப்பர் பட்டை ஒன்றை வெட்டி வைத்துவிடுங்கள், வெளியே தெரியாது. கழற்றி வைக்கும் சாமான்களைத் தனித்தனிப் பாலித்தீன் கவரில் போடலாம். பளபளக்கும் வினைல் பவுச் வேண்டாம், அதுவும் அதே சரக்கு. அலமாரி மேற்குச் சுவரில் இருந்தால் மாற்றுங்கள். காரில் எங்கேயாவது எடுத்துப் போனால் பூட்டிய காரில் வெயிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

அக்கா மகனுக்குக் கொடுக்கலாமா என்றால், வயதைப் பொறுத்தது. வாயில் வைக்கும் வயதென்றால் கூடவே கூடாது. கத்தி, அம்பு, கொக்கி எல்லாமே தொண்டையில் மாட்டும் அளவு. தவிர நீங்கள் பூசிய கலரும் வார்னிஷும் பொம்மைக்கான சோதனையைக் கடந்தவை அல்ல. பத்து வயதுப் பையன் என்றால் தைரியமாகக் கொடுங்கள், ஆனால் பூசிய சாமான்களைக் கழற்றி வைத்துவிட்டு, மிச்சமிருக்கும் பூசாத கறுப்பு வாரையும் உறையையும் மாட்டிக் கொடுங்கள். அவனுக்குச் சண்டை போடத்தானே வேண்டும்.